சேட்டு தந்த ஒரே உண்மை

தில்லி மயூர் விஹாரில் ஐந்து வீடுகளில் சமைக்கும் மேகலா, இருபது வருஷச் சேமிப்பைப் போட்டு ஐம்பது கஜம் மனை வாங்கத் துணிந்தாள். தரகர் சேட்டு அவள் ஊர்ப்பக்கத்துக்காரர். மனையின் மூலையில் மாரியம்மனுக்குக் குட்டிக் கோயிலே கட்டியிருந்தார். தில்லித் தமிழருக்கு அதைவிடப் பெரிய பத்திரம் ஏது? மேகலாவும் தேங்காய் உடைத்து, வெள்ளிக்கிழமை முன்பணம் தருவதாகச் சொல்லிவிட்டாள்.

வியாழனன்று, தான் சமைக்கும் ஒரு வீட்டுப் பெண் ஸ்நேஹாவிடம் சேட்டு எழுதித்தந்த சர்வே எண்ணை நீட்டினாள். "இதைக் கொஞ்சம் போட்டுப் பாரும்மா."

அரசாங்க இணையதளம் ஹிந்தியில் விரிந்தது. ஸ்நேஹாவுக்கு ஹிந்தி பேசத்தான் வரும், படிக்க வராது. பஸ் பலகைகளைப் பார்த்தே ஹிந்தி படித்த மேகலா எழுத்துக்கூட்டினாள்: உரிமையாளர், கிராம சபை.

"அச்சா, அப்போ பொது நிலம். யாரும் விக்க முடியாதுக்கா."

மறுநாள் மேகலா சேட்டுவுக்குப் போன் போட்டாள்.

"ரொம்ப நன்றிண்ணே."

"பணம் ரெடியாம்மா?"

"அது என்கிட்டயே இருக்கட்டும். நம்பரைப் பொய்யில்லாம எழுதிக் கொடுத்தீங்களே, அதுக்குத்தான் நன்றி."

மாலையில் மாரியம்மனுக்கும் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். பாவம், அவளும் பட்டா இல்லாத இடத்தில்தானே குடியிருக்கிறாள்.