துணியின் பின்பக்கம்

"…மேல்பக்கம் யார் போட்டாலும் அழகாத்தான் இருக்கும், மா செல்லம். திருப்பிக் காட்டு," என்றாள் மரியம்.

நான் காட்டவில்லை. துணியை மடியோடு அழுத்திப் பிடித்திருந்தேன்.

மரியத்துக்குப் பாலஸ்தீனத்தில் பெத்லகேம் பக்கம் ஊர். கணவர் இங்கே ரங்கூனில் முத்துச்சிப்பி வியாபாரி. எங்கள் ரயில்வே குடியிருப்பு லைனுக்கு எதிர்மாடியில் குடிவந்து, குழாயடியிலேயே தமிழையும், பெண்கள் பெயருக்கு முன் 'மா' போட்டு மரியாதையாக அழைக்கும் பர்மிய வழக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். அவள் தேசத்துப் பெண்கள் அங்கியின் மார்புத் துண்டை வெள்ளைத் துணியில் சிவப்புப் பட்டு நூலால் குறுக்குத் தையல் போட்டு நிரப்புவார்களாம். அதைப் பார்த்தே எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடலாமாம்.

"அப்ப நான் என்னத்தைப் போடுறது, தண்டவாளமா?" என்றேன்.

"போடேன். கோணாமப் போடு."

முன்பக்கம் போலவே பின்பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பாள். நூல் முடிந்தால் பல்லால் கடித்து அறுப்பாள்; கத்தரிக்கோல் தேடப் பொறுமை கிடையாது.

என் நோய் வெளிப்பட்டதும் அந்தப் பின்பக்கத்தில்தான். அவளுடைய மார்புத் துண்டில் சவுக்கு மரம்போல் ஒன்றைப் பாதி தைத்திருந்தேன். சிவப்பு நூலில் மறைந்திருந்தது, திருப்பியதும் தெரிந்தது: வெள்ளையில் ரத்தப் புள்ளிகள்.

"விரல்ல குத்தியிருக்கே. வலிக்கலையா?"

வலிக்கவில்லை.

டாக்டர் கண்ணை மூடச் சொல்லி இறகால் விரல்களைத் தடவினார். தடவியதே எனக்குத் தெரியவில்லை. குஷ்டம் (தோலையும் நரம்பையும் பிடிக்கும் நோய்) என்றார். வீடு திரும்பும்போது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஊரே என் கையைப் பார்ப்பதுபோல் இருந்தது.

குஷ்டத்துக்கு அப்போதிருந்த மருந்தான நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்டார்கள். போட்ட இடம் கட்டிப்போய்க் காய்ச்சல் வரும். "எண்ணெய் மட்டுந்தாம்மா ஊத்துறோம், தாளிக்கல. சந்தோஷப்படு," என்பார் கம்பவுண்டர். அங்கே மட்டும் சிரிப்பேன்.

வீட்டில் என் தட்டை நானே தனியாக எடுத்து வைத்தேன். "எதுக்கு செல்லம் இதெல்லாம்?" என்று கேட்டார் என் கணவர். கேட்டாரே தவிர, தட்டை எடுத்துப் பழைய இடத்தில் வைக்கவில்லை. அந்தக் கூச்சத்துக்கு எந்த டாக்டரிடமும் ஊசி இல்லை.

மழைக்காலம் ஒன்று போய் இன்னொன்று வந்த பிறகு, "இனி பிறருக்குத் தொற்றாது. விரல் உணர்ச்சி மட்டும் திரும்பாது," என்றார் டாக்டர். அதைக் கேள்விப்பட்ட அன்றே மரியம் துவைத்த துணியை என் மடியில் போட்டாள். "என் மரம் பாதியில நிக்குது."

இதே நோயில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சட்டி அடுப்பில் இருக்கிறதா என்று தொடுமுன் கண்ணால் பாருங்கள்; சூடு விரலுக்குத் தெரியாது. இப்போது என் விரல்களின் வேலையைக் கண்தான் செய்கிறது. ஊசி எங்கே நுழைகிறது என்று ஒவ்வொரு தையலுக்கும் பார்க்க வேண்டும். முன்பு ஒரு மாலையில் முடித்த வேலைக்கு இப்போது ஒரு மாதம் போகிறது. அந்த மாதம் எனக்கு நீளமாகத் தெரியவில்லை.

அன்று மரத்தை முடித்துத் துணியைக் கொண்டுவந்தபோது, மரியம் வேண்டாம் என்றால் இனி அடுத்தவர் துணியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

நான் காட்டாததால் அவளே என் மடியிலிருந்து துணியை இழுத்துத் திருப்பினாள். ரத்தம் இல்லை. ஆனால் எங்கு பார்த்தாலும் முடிச்சு. ஓரத்தில் ஒரு நூல் நீளமாகத் தொங்கியது.

"கத்தரிக்கோல் கொண்டாந்திருக்கேன், மரியம். வாய் வைக்காதே," என்று நீட்டினேன்.

அவள் அதைப் பார்க்கவே இல்லை. குனிந்து, என் கை பட்ட அந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.