றுஷ்னா எழுதிய கடைசிப் பக்கம்

ஷபீகா மிஸ்ஸுக்குப் பொய் சொல்ல வராது. எனக்கு நன்றாக வரும். இரண்டு பேரும் வெள்ளவத்தையில் ஒரே தனியார் கல்லூரியில்தான் படிப்பிக்கிறோம்.

பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவைப் போனில் ஒளித்து வைத்துப் பாவிப்பதைக் கண்டு நாங்கள் எல்லாரும் கத்தினோம். ஷபீகா மிஸ் மட்டும் அதை வகுப்புக்குள்ளேயே கொண்டு வந்தார். அதனிடம் எப்படிக் கேட்பது, அது சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது என்று ஆறு மாதம் மினக்கெட்டுப் பழக்கினார். ஒரே ஒரு நிபந்தனை: எதற்காகப் பாவித்தோம் என்று, எழுதிக் கொடுக்கும் ஒப்படையின் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டும்.

"உள்ளதை எழுதினா உங்களுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேலா. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

இருபத்தெட்டுப் பேரில் எழுதியவள் றுஷ்னா மட்டும்தான். களனியிலிருந்து பஸ்ஸில் வருபவள். தமிழில் யோசித்து, தமிழிலேயே கைப்பட எழுதி, ஆங்கிலமாக்க மட்டும் அதன் உதவியை எடுத்திருந்தாள். அந்தத் தமிழ்ப் பக்கங்களையும் சேர்த்தே இணைத்திருந்தாள். மற்றவர்கள் முழுவதையும் அதனிடமே எழுதி வாங்கிவிட்டு வாயே திறக்கவில்லை.

பரீட்சைக் குழு அவர்களைச் சித்தியாக்கியது. செயற்கை நுண்ணறிவைப் பாவித்ததாக அவளே எழுதிக் கொடுத்ததால் றுஷ்னாவுக்குப் பூச்சியம். அந்தக் குழுவில் இருந்த நானும் வெட்கமில்லாமல் கையெழுத்துப் போட்டேன். டிப்ளோமா கையில் இல்லாவிட்டால், அடுத்த மாதம் அவளுக்குக் கிடைக்கவிருந்த வேலையும் போய்விடும்.

ஷபீகா கல்லூரிப் பணிப்பாளர் நிலாமிடம் போய்ச் சண்டை பிடித்தார்.

"விதியில இடமில்ல மிஸ்" என்றார் அவர். "அந்தக் கடைசிப் பக்கத்தக் கழட்டிட்டுத் திரும்பத் தரச் சொல்லுங்க. பாஸ் போட்டு விடுறோம்."

மூன்று நாள் ஷபீகா சரியாகச் சாப்பிடவில்லை. வேலையை விட்டுவிடட்டுமா என்று என்னிடம் கேட்டார்.

"நீங்க விட்டா அந்தப் பிள்ளைக்கு டிப்ளோமா கிடைச்சிருமா?" என்றேன். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

நேற்று ஷபீகா றுஷ்னாவை எங்கள் அறைக்குக் கூப்பிட்டு ஒப்படையை நீட்டினார்.

"கடைசிப் பக்கத்த எடுத்துட்டுத் தாங்க மகள்."

"அதில நான் பொய் ஒண்டும் எழுதல்லயே மிஸ்?"

"இல்ல மகள். எல்லாம் உண்மைதான்."

றுஷ்னா ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் நெம்பி அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு மற்றத் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"அப்ப ஆங்கிலமாக்க முந்தி நான் தமிழில எழுதினதையும் எடுக்கோணுமா மிஸ்?"

ஷபீகா தலையை ஆட்டினார். இரண்டு பேருமாகச் சேர்ந்து, அவள் கைப்பட எழுதிய பதினொரு பக்கங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள்.