சகனில் சோறு, படிவத்தில் பொய்

போர் முடிந்த மறு ஆண்டு, 2010 ஜூலையில், கல்முனைக்குப் போனேன். சுற்றிப்பார்க்க அல்ல. சுனாமியில் வீடிழந்து இன்னும் தகரக் கொட்டிலில் இருப்பவர்களில் யாருக்கு வீடு அவசரம் என்று பட்டியலிட, ஓர் உதவி நிறுவனத்துக்காக லின் என்ற சீனப் பெண் வந்திருந்தாள். நான் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர். கொழும்பிலிருந்து பஸ்ஸில் பத்து மணி நேரம். கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு ஆட்டோ, மூன்று கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய்.

பகல் பன்னிரண்டரைக்கு, வீடிழந்தவர்களில் ஒருவரான ஹசீனா ராத்தாவின் கொட்டிலுக்குள் நுழைந்தோம். ராத்தா என்றால் அங்கே அக்கா. படிவத்தை எடுக்கவே அவர் விடவில்லை. பாய் விரித்து, சகன் என்கிற பெரிய தட்டு ஒன்றில் சோறும் மீன்கறியும் வைத்து, எங்களோடு தானும் உட்கார்ந்தார். பெரிய மீன் துண்டெல்லாம் லின் பக்கமே நகர்ந்தது.

"ஏதும் கரைச்சல் இருக்கா ராத்தா?" என்று இடையில் கேட்டேன். கரைச்சல் என்றால் அந்தப் பக்கம் கஷ்டம்.

"ஒண்டும் இல்ல தங்கச்சி, அல்ஹம்துலில்லாஹ். நீங்க தின்னுங்க."

திரும்பும்போது ஆட்டோவில் லின் ஒரு சீனச் சொல் கற்றுத்தந்தாள்: ரெச்சிங். அன்பும் கலகலப்புமாகப் பழகும் மனிதர்களை அப்படிச் சொல்வார்களாம். நானும் பல்லிளித்துக்கொண்டு ஐந்தாறு தடவை சொல்லிப் பார்த்தேன். பிறகுதான் அவள் நிரப்பியிருந்த படிவம் கண்ணில் பட்டது. 'அன்பான, மகிழ்ச்சியான குடும்பம். அவசரத் தேவை இல்லை.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தகரத்துக்குள் ஐந்து வருடம் வெந்தவர்களுக்கு இதுவா பதில்? கோபத்தில் பாதி அவள் மீது, பாதி என் மீது. ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன்.

எங்களைக் கண்டதும் ராத்தா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டப் போனார். வேண்டாம் என்றேன். அவர் முகம் சிவந்தது.

"எங்கட ஊட்டுக்கு வந்து தேத்தண்ணி வேணாமெண்டா என்ன கருத்து?"

"கரைச்சல் இல்லையெண்டு சொன்னீங்க. உங்கட பேர் பட்டியல்ல வராது ராத்தா."

"பின்ன, சோறு போட்டுட்டு ஊடு கேக்கிறதா? சோத்துக்குக் கூலி கேட்ட மாதிரிப் போயிடாதா? அஞ்சு வருசமா வாறவங்க எல்லாரும் தின்னுட்டு, சிரிச்சிட்டுப் போறாங்க. மாரி வந்தா இந்தப் பாய் கிடக்கிற இடத்தில முழங்கால் தண்ணி. புள்ளைகள மேசைக்கு மேல படுக்கப் போடுறன். எழுதுங்க!"

வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். லின் பழையதை வெட்டிவிட்டு அத்தனையும் எழுதினாள். ராத்தாவின் முகத்தைக் காட்டி, இதற்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டாள்.

"கோபம்" என்றேன். அதையும் குறித்துக்கொண்டாள். அதன் பிறகுதான் தேத்தண்ணி குடித்தோம்.

படிவத்தோடு இந்தப் பக்கம் போகிறவர்களே, கேட்க வேண்டியதைச் சோற்றுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஜூலையில் காய்ந்து கிடக்கும் தரையைப் பார்த்து ஏமாறாதீர்கள். நல்ல மனிதர்கள் என்று எழுதிவிட்டு வருவது சுலபம். அவர்களின் பிள்ளைகள் மழைக்கு எங்கே படுக்கிறார்கள் என்று எழுதுங்கள்.