ஒற்றைச் செருப்புக்கு ஒரு குடோன்

எங்கள் ஃப்ளெக்ஸ் பேனர் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் வருவார்கள். நாலு பேர் போன் மாறி வந்த கட்டைவிரல் அளவு போட்டோவைக் காட்டி, இதைக் கதவு உயரத்துக்குப் பெரிசாக்கிக் கொடு என்பார்கள். நான் மெஷின் ஓட்டுகிறவன். எனக்கென்ன, அடிக்கச் சொன்னால் அடித்துவிடுவேன். டிசைன் பார்க்கிறவர், கடையில் எங்கள் எல்லோருக்கும் அண்ணன், அவர்தான் விடமாட்டார். "இதைப் பெரிசாக்கினா உங்க முகம் வராதுங்க, கட்டம் கட்டமா செங்கல் சுவருதான் வரும். ஒரிஜினல் எங்கயாவது இருக்கும், தேடிப் பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். முதலாளி பல்லைக் கடிப்பார். அண்ணன் கண்டுகொள்ள மாட்டார். சுருங்கின படம் என்றாலே அவருக்கு ஆகாது.

அவருக்குக் குடோன் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தது நாங்கள் இல்லை. அவர் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒரு கூட்டம் வைத்தது.

பல வருஷம் முன்பு ஒரு வாரப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் பெரிய படம் ஒன்று வரும். மார்க்கெட், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று ஏதாவது ஓர் இடம், எள் போட்டால் எள் விழாத கூட்டம். வரைந்தவர் குறும்புக்காரர். ஒவ்வொரு படத்திலும் எங்கேயாவது ஜோடி இல்லாத ஒற்றைச் செருப்பு ஒன்றை ஒளித்துவைப்பார். பத்திரிகை நின்றுபோயிற்று, ஓவியரும் போய்ச் சேர்ந்துவிட்டார். செருப்பை விட மனசில்லாத சிலர் மட்டும் இன்டர்நெட்டில் குழு சேர்ந்து இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பல் டாக்டர் இருக்கிறார், பஸ் டிரைவர் இருக்கிறார், ரிட்டயர்டான நீதிபதி ஒருவர்கூட இருக்கிறார். முதலில் கண்டுபிடிப்பவரின் பெயர் படத்துக்குக் கீழே ஏறும். அதற்காக அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

அண்ணி, அதாவது அண்ணனின் மனைவி, இதைக் கேள்விப்பட்ட அன்று சிரித்து முடிக்கவே வெகு நேரம் ஆயிற்று. "செருப்புக்கு ரசிகர் மன்றமா? என் செருப்பு வாரு அறுந்து கிடக்கு. அதைத் தைக்கக் குடுக்க இந்த வீட்டுல ஆளைக் காணோம்."

படங்களை எங்கே வைப்பது என்பதுதான் குழுவின் பெரிய தலைவலி. இலவசமாக இடம் கொடுக்கிற தளங்கள் நம்மைக் கேட்காமலே படத்தைச் சுருக்கிவிடும். ஏற்றும்போது யானை, இறக்கும்போது எலி. சுருங்கின படத்தில் செருப்பு வெறும் புள்ளி. அது செருப்பா, ஈ உட்கார்ந்த கறையா என்று அடிதடி நடக்கும். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. கடையில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரை வாங்கி வந்து சாப்பாட்டு மேஜை ஓரத்தில் நிறுத்தினார். பழைய பத்திரிகைகளைக் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கி, செருப்பு வாரின் தையல்கூடத் தெரிகிற அளவுக்குப் பெரிசாக ஸ்கேன் செய்தார். வீட்டு இன்டர்நெட் வழியாகவே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிட்டார். அன்றிலிருந்து குடோன்.

ஒரே ஓர் இடைஞ்சல். கம்ப்யூட்டருக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் ஒரே பிளக். காலையில் அண்ணி இஸ்திரி போட வந்தால் கம்ப்யூட்டரைப் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை. கடல் தாண்டி எவரோ பாதி இறக்கியிருந்த படம் அந்தரத்தில் நின்றுவிடும். என்னாச்சு, ஏதாச்சு என்று குழுவில் புது ஆள் பதறினால் பழைய ஆள் பதில் போடுவார்: "ஒண்ணுமில்ல, அண்ணி இஸ்திரி போடறாங்க."

இவ்வளவு செய்தும் அண்ணனுக்கு ஓர் ஏக்கம். ஒரு செருப்பைக்கூட அவர் முதலில் கண்டுபிடித்ததில்லை. படத்தை ஏற்றிவிட்டு முகம் கழுவி வருவதற்குள் எவனாவது முந்திவிடுவான். யாருக்கும் சிக்காமல் மிச்சமிருந்தது பஸ் ஸ்டாண்ட் படம் ஒன்றுதான். இருப்பதிலேயே பெரிய படமும் அதுதான். செருப்பு உண்டு என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று ஒரு கட்சி, நடுவில் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போனவர்கள் ஒரு கட்சி. அண்ணன் உண்டு கட்சி. தினமும் மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அந்த பஸ் ஸ்டாண்ட் படத்தில் ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு வருவார்.

"இல்லேன்னு விட்டுத் தொலைங்கண்ணே" என்பேன்.

"ஒண்ணே ஒண்ணுலயாவது என் பேரு வரணும்டா" என்பார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடையில் முதலாளியிடம் ஏச்சு, வீட்டில் அண்ணியிடம் கேலி. அந்த மனுஷனுக்கு மதிப்பு என்று இருந்தது அந்த ஒரு குழுவில்தான்.

இப்படி இருக்கையில் அண்ணியின் தம்பி வேலை தேடி வந்து அந்த வீட்டில் இறங்கினான். நல்ல பையன்தான், ஆனால் கை சும்மா இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே சாப்பிடப் போயிருந்தபோது மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"மாமா, உங்க கம்ப்யூட்டர் மூச்சு முட்டிக் கிடந்துச்சு. எல்லாப் படத்தையும் சின்னதாக்கிட்டேன். முக்கால்வாசி இடம் காலி!"

அண்ணனின் கை தட்டிலேயே நின்றது. "பழசு?"

"பழசு எதுக்கு மாமா? அழிச்சாச்சு. பார்த்தா வித்தியாசமே தெரியாது."

நகலுக்கென்று ஒரு டிஸ்க் கூடவே செருகியிருந்தது. இதில் என்ன மாறினாலும் தானும் மாறிக்கொள்வது அதன் வேலை. அதுவும் கடமை தவறாமல் சுருங்கியிருந்தது. அண்ணன் மார்க்கெட் படத்தைத் திறந்து பெரிசாக்கினார். செருப்பு இருந்த இடத்தில் செங்கல் சுவர். நானாக இருந்தால் அந்தப் பயலை அங்கேயே உரித்திருப்பேன். அண்ணன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனார். "திட்டிடுங்க மாமா" என்று அவனே அழாத குறையாகக் கேட்டான். அண்ணன் அடுத்த படத்தைத் திறந்தார்.

'குடோன் போய்விட்டது. என்னை மன்னியுங்கள்' என்று குழுவில் எழுதினார். வசவு வரும் என்று நான் நினைத்தேன். வந்ததெல்லாம் படங்கள். தன் பெயர் ஏறிய படத்தை எவர்தான் பத்திரமாக வைத்துக்கொள்ளாமல் இருப்பார்? மார்க்கெட்டைப் பல் டாக்டர் அனுப்பினார், ஆஸ்பத்திரியை நீதிபதி அனுப்பினார். ஒவ்வொன்றும் முழு அளவில் வந்து இறங்க இறங்க அண்ணனுக்கு உயிர் வந்தது. பஸ் ஸ்டாண்ட் மட்டும் வரவில்லை. அதில்தான் யார் பெயரும் ஏறவில்லையே. சும்மா வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களுக்கும் முழுசாகக் கிடைத்ததில்லை. படம் அவ்வளவு பெரிது, இறங்கி முடிவதற்குள் இஸ்திரி வந்துவிடும். பத்திரிகையை இரவல் கொடுத்தவரோ அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்.

அண்ணன் கடைக்கு வந்து போனார், அவ்வளவுதான். கட்டைவிரல் போட்டோவைக் கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் மறுபேச்சில்லாமல் பேனர் போட்டுக் கொடுத்தார். முதலாளிக்குச் சந்தோஷம். எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.

அப்படி ஒரு செங்கல் முகத்தை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்த மெஷின் புதிதாக வந்த அன்று, நுணுக்கமான படம் ஏதாவது போட்டுச் சோதித்துப் பார் என்றார் முதலாளி. அண்ணன் பஸ் ஸ்டாண்டைத்தான் கொண்டுவந்தார். அடித்தவன் நான். வேலை முடிந்ததும் ஃபைலை அழிப்பது கடை வழக்கம், ஆனால் அடித்த பேனரை அண்ணன் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாரே!

ரெண்டு பேரும் வீட்டுக்கு ஓடினோம். அண்ணி நிதானமாகச் சொன்னார்: "அதுவா? மொட்டைமாடியில வாஷிங் மெஷினுக்கு மேல கூரையா கட்டியிருக்கேன். வெள்ளைப் பக்கம் வெயிலுக்கு."

மாடிக்கு ஏறினோம். நாலு மூலையும் கயிற்றில் இழுத்துக் கட்டி, படப் பக்கம் உள்ளே பார்க்க, பஸ் ஸ்டாண்ட் எங்கள் தலைக்கு மேலே தொங்கியது. வெயில் படாததால் சாயம் துளி வெளுக்கவில்லை. அண்ணன் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். அவர் கண் நிறைந்திருந்தது. துணி எடுக்க வந்த அண்ணி அவரைத் தாண்டிப் போனபடியே கேட்டார்.

"ஓரத்துல கொஞ்சம் பாசி பிடிச்சிருக்கு. நல்லவேளை, செருப்புகிட்ட பிடிக்கல. போதுமா?"

"எந்தச் செருப்பு?"

"அதாங்க, பஸ்ஸுக்கு மேல மூட்டைக்கு நடுவுல இருக்கே, ஒத்தச் செருப்பு."

உலகமே அந்த பஸ் ஸ்டாண்டில் காலடியில் தேடிக்கொண்டிருந்தது. செருப்பு பஸ் கூரையில் இருந்தது. துணி துவைத்து முடியும்வரை அண்ணி கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருப்பார். அதற்கு நேர் மேலேதான் அந்த பஸ்.

"ஏன் சொல்லல?" என்றார் அண்ணன், எழுந்து உட்கார்ந்து.

"உங்க ஆளுங்க எப்பவோ கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். ஊரு உலகமெல்லாம் கேட்டீங்க. என்னை ஒரு நாள் கேட்டீங்களா?"

அண்ணன் எழுந்து மூலைக் கயிற்றை அவிழ்த்தார். பேனரை இறக்கிக் கடைக்குக் கொண்டுபோய், விளக்கு வைத்து, துண்டு துண்டாகப் படமெடுத்து ஒட்டவைத்தோம். கீழே பெயர் போட வேண்டிய இடம் வந்தது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன்: "உங்க பேரையே போடுங்கண்ணே. அண்ணி இதையெல்லாம் பார்க்கவா போறாங்க?"

"எனக்கும் ஆசைதான்டா" என்றார். "ஆனா நான் கண்டுபிடிக்கலையே."

அப்புறம் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். அண்ணியின் முழுப்பெயரை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் இஸ்திரிப்பெட்டியோடு வந்த அண்ணி, பிளக்கில் கை வைத்தபடி நின்றிருக்கிறார்.

"யாராவது எடுத்துட்டு இருக்காங்களா?"

"ஒருத்தர் எடுக்கறார்."

"எந்தப் படம்?"

"உன் படம். பாதி போயிருக்கு."

அண்ணி இஸ்திரிப்பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாராம்.

அன்றைக்கு அண்ணன் கசங்கின சட்டையோடு கடைக்கு வந்தார். முதலாளி ஏற இறங்கப் பார்த்தார். அண்ணன் கண்டுகொள்ளவில்லை.