ஊர்காவற்றுறையில் ஓர் ஆணி ஓட்டை

வள்ளம் பிந்துவதால் ஊர்காவற்றுறைக் கிட்டங்கி ஒன்றுக்குள் எட்டிப் பார்க்கிறேன். சிற்பிகள் இருவர் இளம்பிள்ளைகளுக்கு மரச்செதுக்கு பழக்குகிறார்கள். உடைத்த பாய்க்கப்பலின் பலகைகளில் எல்லாரும் தங்கள் ஊரையே செதுக்குகிறார்கள். ஒரு பெண்ணின் பலகையில் தேவாலயமும் கடைகளும் கடலைப் பார்த்து நிற்கின்றன. பழைய ஆணி ஓட்டை வெளிச்சவீட்டின் விளக்காகிவிட்டது.

"ஏன் பிள்ளை, கடலில நிண்டு பாத்தமாதிரிச் செதுக்கியிருக்கிறீர்?"

"வள்ளத்தில வரேக்கைதான் ஐயா, எங்கட ஊர் முழுசாத் தெரியும்."

எனக்கு வயிறு எரிகிறது. யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடமாகச் சித்திரம் படிப்பிக்கிறேன். என் மாணவர்கள் சீமைப் புத்தகத்தைப் பார்த்து, தின்றறியாத அப்பிள் பழத்தைக் கீறுகிறார்கள்.

"ஐயா வாத்தியாரோ?"

"ஓம்."

"என்ன பாடம்?"

"கணக்கு," என்கிறேன்.