மில்லில் நாங்கள், துறைமுகத்தில் நீங்கள்

என் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் "நாலு பசங்க விளையாடுறாங்க, அதைப் பார்த்துக்கிறார்" என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. செய்தி எல்லாருக்கும் தெரியும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதனால் நானே சொல்லிவிடுகிறேன். மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொண்டு பேசட்டும்.

பஸ் நிலையத்தில் பதினெட்டு வருடம் நேரக் காப்பாளராக இருந்தவர். ஒரே தடத்தில் இரண்டு பஸ் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ப் பயணிகளுக்காக அடித்துக்கொள்ளக் கூடாது. அதைப் பார்த்து அனுப்புவதுதான் வேலை. "நீ ஆறு நிமிஷம் நில்லு, அவன் போகட்டும்" என்பதை ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்லியிருப்பார். ஓட்டுநர்கள் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். இவர் பதிலுக்கு வாயைத் திறந்ததே இல்லை. அந்த வாயையும் சேர்த்து வீட்டில் எனக்குக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவள். "அங்கே கையில குத்துறா, இங்கே காதுல குத்துறா" என்பார்.

பிறகு நேரத்தை எல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து என் உயிரை எடுத்தார். குளிப்பதற்குக்கூட "எட்டே காலுக்கு நான், எட்டரைக்கு நீ" என்று அட்டவணை. தாங்க முடியாமல் நான்தான் ஒரு வேலை பிடித்துக் கொடுத்தேன். எங்கள் பரிசோதனை நிலையத்துக்கு மேலே, நான்காம் மாடியில், வீடியோ கேம் விளையாடும் அணி ஒன்று கூடம் எடுத்திருந்தது. கதவைத் திறந்து மூட, ஏசி ஓடுகிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். இரண்டே வருடத்தில் அந்த அணிக்கு மேலாளரே இவர்தான் என்று ஆகிவிட்டது.

ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். திரையில் ஒரு தீவு. பதினாறு அணி, அணிக்கு நான்கு பேர். விமானத்திலிருந்து குதித்து, அங்கங்கே கிடக்கும் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் மிஞ்சும் அணிக்கு வெற்றி. தினமும் மதியம் பதினாறு அணியும் சேர்ந்து பயிற்சி ஆட்டம் ஆடுவார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு அணி ஒரே இடத்தில் குதித்தால் முதல் நிமிடத்திலேயே ஒன்று செத்துவிடும், அன்றைய பயிற்சி வீண். அதனால் யார் எங்கே இறங்குவது என்று முன்கூட்டியே பேசிப் பட்டியல் போட்டுக்கொள்வார்கள். இதில் ஒளிவுமறைவு கிடையாது. எல்லா அணியும் செய்வதுதான்.

அந்தப் பட்டியல் யார் கைக்கு வந்திருக்கும்? வேறு யார். "மில்லில் நாங்க, துறைமுகத்துல நீங்க, பள்ளிக்கூடத்துல அவங்க" என்று பதினாறு அணிக்கும் போனில் அனுப்பிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்வார். இவர் போட்ட பட்டியலை யாரும் லேசில் மீற மாட்டார்கள். பஸ் நிலையத்தில் கிடைக்காத மரியாதை அங்கே கிடைத்தது. சாப்பிடும்போதும் போன் அடிக்கும். "அண்ணே, இன்னிக்கு எங்களுக்கு எங்கே?" என்பார்கள். முகம் பூரித்துப் போகும். நான்கூடக் கிண்டல் செய்வேன், "தீவுக்கே தாசில்தார் ஆயிட்டீங்க" என்று.

நான்கு பேரில் கேப்டனை எல்லாரும் ஆமை என்று கூப்பிடுவார்கள். ஆட்டத்தில் அவன் ஓட மாட்டான். புல்லில் படுத்தால் பத்து நிமிடம் அசையாமல் கிடப்பான். இருபத்துநான்கு வயது. என்னை அண்ணி என்பான், இவரை அண்ணே என்பான். சட்டைப் பித்தான் தைக்கக்கூட எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. உடனே அதை வைத்து யாரும் கதை கட்ட வேண்டாம். இவருக்கு அவனைப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒருவேளை அவனும் எதையும் நின்று நிதானமாகச் செய்கிறவன் என்பதால் இருக்கலாம்.

இறுதிப் போட்டி அன்று காலை ஆட்டச் சட்டைகளை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு நான் நான்காம் மாடிக்குப் போனேன். மற்ற மூன்று பேர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். ஆமை மட்டும் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். அந்த வாரம், எங்கள் ஊர்ப் பாலத்தடியில் கூடம் வைத்துப் பயிற்சி செய்யும் அணி, இவர்களுடைய மில்லில் வந்து குதித்து இரண்டு தடவை வம்பு செய்திருந்தது. இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பாலத்தடிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடவாடா?"

"சொல்லிடுங்கண்ணே. காலையிலேயே எதுக்கு வம்பு."

இவர் தட்டினார். "எப்பவும் போல மில்லில் நாங்கள், துறைமுகத்தில் நீங்கள்." அந்தப் பக்கத்து மேலாளரிடமிருந்து பதில் வந்தது: "சரிண்ணே." இவ்வளவுதான் நடந்தது. நான் சட்டைகளை நாற்காலியில் மாட்டிக்கொண்டே என் காதால் கேட்டேன். போட்டி நாளில் ஓர் அணி இன்னோர் அணியிடம் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று விதி இருக்கிறதாம். அது எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் தினமும் செய்கிற காரியம் தப்பு என்று அந்த நேரத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பழக்க தோஷம் என்பார்களே, அது இதுதான்.

கோப்பையை இவர்கள் ஜெயித்தார்கள். இரண்டாம் இடம் பாலத்தடிக்கு. கடைசி ஆட்டத்தில் ஆமை புல்லில் படுத்துக் கிடக்க, பாலத்தடி அணியின் நான்கு பேரும் அவன் கண்ணெதிரே குனிந்து ஓடினார்கள். அவன் சுடவில்லை. பன்னிரண்டு வினாடி. சுட்டிருந்தால் மேட்டில் இருந்த மூன்றாவது அணிக்கு அவன் இருக்கும் இடம் தெரிந்திருக்கும். மூன்றாவது அணியைப் பாலத்தடி முடிக்கட்டும், பிறகு பாலத்தடியை நாம் முடிக்கலாம் என்று காத்திருந்தான். அப்படியே முடித்தான். ஆமையின் ஆட்டம் எப்போதுமே அதுதான். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது, நானும்தான்.

மறுநாள் அந்தப் பன்னிரண்டு வினாடியை மட்டும் வெட்டி யாரோ இணையத்தில் போட்டார்கள். "ஏன் சுடவில்லை?" என்று ஒரே கேள்வி. இரண்டு அணியும் பேசி வைத்து ஆடினார்கள் என்றார்கள். இறுதிப் போட்டியின் ஆறு ஆட்டத்திலும் முதல் பத்து நிமிடத்தில் இந்த இரண்டு அணியும் மோதவே இல்லை என்று ஒருவர் கணக்குப் பார்த்து எழுதினார். போட்டி நடத்தியவர்களிடமிருந்து விசாரணை வந்தது. போனைக் கொடு என்று கேட்டதும் பாலத்தடி மேலாளர் கொடுத்துவிட்டார். நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இவர் என்னை அடக்கினார். "கேட்டா கொடுக்கத்தானே வேணும். அவர் மேல என்ன தப்பு?"

விசாரணை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், மடிக்கணினியில் நடந்தது. இவருக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே வீட்டில் போடும் சாயம் போன கால்சட்டை. திரையில் மூன்று பேர். அதில் ஒரு அம்மாள்தான் எல்லாக் கேள்வியும் கேட்டாள். அதட்டவில்லை, நல்ல மாதிரியாகத்தான் கேட்டாள்.

"இந்தச் செய்தி அனுப்பினது உங்க பிளேயர்ஸ் யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது மேடம். நானா அனுப்பினேன்."

"யாருமே அனுப்பச் சொல்லலையா? கேப்டன்கூட?"

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது மேடம்."

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். அவர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் ஒரு தடவை உயர்த்தினார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நான் வாயை மூடியது அந்த ஒரு தடவைதான். இன்றைக்கும் அதற்காக என்னையே நொந்துகொள்கிறேன்.

மடிக்கணினியை மூடியதும் பிடித்துக்கொண்டேன். "அவன்தானேங்க சொல்லிடுங்கன்னு சொன்னான். நான் கேட்டேனே."

"ஆமா, சொன்னான்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பொய்?"

"உண்மையைச் சொன்னா அவனை ரெண்டு வருஷம் உட்கார வெச்சிடுவாங்க. இந்த ஆட்டத்துல இருபத்தாறு வயசுன்னா தாத்தா. அதுக்கப்புறம் எவன் கூப்பிடுவான்? எனக்கு நாற்பத்தேழு ஆச்சு. வேற ஏதாவது கதவைத் திறந்து மூடிக்கிட்டு இருந்துட்டுப் போறேன்."

தீர்ப்பு அவர் நினைத்தபடியே வந்தது. கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பாலத்தடி மேலாளருக்கு ஒரு வருடத் தடை. இவருக்கு ஆயுள் முழுக்க. நான்கு பேரும் ஆடலாம், ஆனால் இரண்டு நிபந்தனை. அறிக்கை ஒன்றை எல்லாருக்கும் முன்னால் வாசிக்க வேண்டும். இவரோடு பேச்சுவார்த்தை, போக்குவரத்து எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அவர்களுக்கும் தடை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார் இவர். தலையே அவருடையதுதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அறிக்கையை ஆமைதான் இணைய நேரலையில் வாசித்தான். நாங்கள் இரண்டு பேரும் என் போனில் பார்த்தோம். "எங்கள் நம்பிக்கையை அவர் தவறாகப் பயன்படுத்திக்கொண்டார். எங்களுக்குத் தெரியாமல் எங்களை ஏமாற்றிவிட்டார்" என்று தலையைத் தூக்காமல் வாசித்தான். எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். "இவன் சட்டைக்குப் பித்தான் தைச்ச கையை வெட்டணும்" என்றேன்.

"அவனைத் திட்டாத. அதை எழுதிக் கொடுத்ததே நான்தான்" என்றார். "அவனுக்கு எழுத வரலை. ரெண்டு நாளா வெறும் தாளை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தானாம். தீர்ப்பு அமலுக்கு வர்றதுக்கு முன்னாடி நானே எழுதி அனுப்பிட்டேன்."

ஏமாற்றினார் என்ற வார்த்தையை அவரே தன்மேல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு நான் அழுதேன். அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்து மருத்துவமனையில் வாகன நிறுத்தத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம் என்று பேச்சை மாற்றினார்.

அந்த வேலையும் கிடைத்தது. காலையில் போய் வண்டிகளை ஒழுங்காக நிற்க வைத்துவிட்டு மாலையில் வருவார். எதிரே நான்கு பேரில் யாராவது வந்தால் இவர் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். அவர்கள் ஆடும் ஆட்டத்தைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பார். ஆமை சரியாக ஆடவில்லை. ஆட்டம் புரியாத எனக்கே தெரிந்தது. புல்லில் படுக்கிறவன் இப்போது எழுந்து எழுந்து ஓடினான், முதலில் செத்தான். "ஃபார்ம் போயிருக்கு, வந்துடும்" என்பார் இவர். ஏழு மாதம் இதையேதான் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அழைப்புமணி அடித்தது. கதவிலிருந்த துளை வழியாகப் பார்த்தேன். ஆமை நின்றிருந்தான், தாடியும் அதுவுமாக. தாழ்ப்பாளில் கை வைத்தேன். இவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திறக்காத. யாராவது போட்டோ எடுத்துப் போட்டா அவன் ஆட்டம் போச்சு. வீட்ல இல்லைன்னு சொல்லு" என்று கிசுகிசுத்தார்.

"அவர் வீட்ல இல்லப்பா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இருக்கார் அண்ணி. செருப்பு வெளியில கெடக்கு" என்றான்.  இவர் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் அவனும் கதவை ஒட்டித்தான் நின்றிருக்க வேண்டும், பேச்சு அவ்வளவு கிட்டத்தில் கேட்டது.

"அண்ணே, பயப்படாம திறங்க. இனிமே ஒண்ணும் இல்ல. நான் ஆட்டத்தை விட்டுட்டேன். காலையில எழுதிக் கொடுத்துட்டேன்."

இவர்தான் தாழ்ப்பாளை நீக்கினார். வாசலில் நின்றபடியே கேட்டார். "எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாதா?"

"முடியாதுண்ணே. அந்தத் தாளை வாசிச்ச நாள்லேர்ந்து கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தாலே அதுதான் காதுல கேட்குது. கையே போக மாட்டேங்குது. நான்தான் சொல்லச் சொன்னேன்னு போன வாரமே விசாரணை பண்ணினவங்ககிட்டயும் எழுதிக் கொடுத்துட்டேன். உங்க தடையை எடுங்கன்னு கேட்டேன். விசாரணை முடிஞ்சு போச்சு, எடுக்க முடியாதுன்னுட்டாங்க."

பஸ் நிலையத்தில் வேலை போனபோதும், தடை வந்தபோதும், அறிக்கையைப் பார்த்தபோதும் கண் கலங்காத மனிதர், வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவனுடைய காற்சட்டையை முழங்கால் பக்கம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அப்போ நான் எதுக்குடா அந்தப் பொய்யைச் சொன்னேன்?"

  மாடிப்படியில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. இரண்டு பேரையும் உள்ளே வரச் சொன்னேன்.