இடது கண்ணுக்கு விடுப்பு

என் இடது கண்ணில் புரை இருந்தது உண்மை. அதை எடுக்க அந்த வாரம் நாள் குறித்திருந்தது என்பது பொய். பொய்யைச் சொன்னவள் என் மகள். விமானப்படையில் போக்குவரத்து விமானம் ஓட்டுகிறாள், வடகிழக்கில். "அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், இடது கண்" என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பையோடு வந்து இறங்கினாள்.

வந்த காரணம் வேறு. தனியார் விமான நிறுவனம் ஒன்று அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அதற்கு முன் சிவில் விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். அதைச் செய்யும் ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். படையில் யாருக்கும் இது தெரியக்கூடாது.

"ஏன் தெரியக்கூடாது? என்ன திருட்டு வேலையா பண்ற?" என்றேன்.

"தெரிஞ்சா ஓரம் கட்டிருவாங்கப்பா. போறவளுக்கு எதுக்கு கோர்ஸு, எதுக்கு நல்ல போஸ்டிங்னு. அப்புறம் பேப்பர் போட்டு அவங்க விடலைன்னு வைங்க, அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல."

எனக்கு இது விளங்க ஒரு நாள் ஆயிற்று. அந்த வேலையில் ராஜினாமா என்று ஒன்று கிடையாது. என்னை விடுவியுங்கள் என்று விண்ணப்பம் போடலாம். விடுவதும் விடாததும் மேலிடத்தின் இஷ்டம். மாப்பிள்ளை இங்கே ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது, துண்டு துண்டாகக் கூட்டினால், இருபத்தாறு மாதம். அதை அவளிடம் சொன்னேன்.

"இதையும் எண்ணிட்டீங்களா?" என்றாள். சிரிக்கவில்லை.

எண்ணுவது என் தொழில். இந்த ஊரில் ஒரு விமானத் தொழிற்சாலையில் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலை முடிந்ததும் விமானத்துக்குள் போன ஒவ்வொரு ஸ்பேனரும் திருப்புளியும் எண்ணிக்கைக்குத் திரும்பி வர வேண்டும். ஒன்று குறைந்தால் விமானம் வெளியே போகாது. வேலை செய்தவர்களும் வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை. "தட்டுல இருக்கற இட்லிய விட்டுடுங்க, அதுவாவது எண்ணாம உள்ள போகட்டும்" என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

மகள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே அவளுடைய சி.ஓ. எனக்குப் போன் செய்திருந்தார். சி.ஓ. என்றால் அவள் இருக்கும் ஸ்குவாட்ரனுக்குத் தலைவர். அவளுக்கு விடுப்புக் கொடுப்பவரும் அவர்தான். தன் ஆட்களின் வீட்டில் நோய்நொடி என்றால் அவரே கூப்பிட்டு விசாரிப்பது வழக்கமாம். பாலக்காட்டுக்காரர். தமிழ் நன்றாக வந்தது.

"எந்தக் கண் அங்கிள்?"

"இடது, சார்" என்றேன், மகள் முன்பே சொல்லிக்கொடுத்தபடி.

"ஒண்ணும் பயப்பட வேண்டாம் கேட்டோ. பத்து நிமிஷ வேலை. என் அம்மாவுக்கும் முட்டி ஆபரேஷன். நானும் அடுத்த வாரம் லீவுல ஊருக்குப் போறேன்."

போனை வைத்தேன். இவ்வளவு மரியாதையாக விசாரிக்கிற மனிதரிடம் பொய் சொல்லிவிட்டேனே என்பதைவிட, மாட்டிக்கொண்டால் அவள் கதி என்ன என்பதுதான் வாட்டியது. மனைவியிடம் அல்சூர் பஜாரில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வரச் சொன்னேன். பரிசோதனை நாளன்று அதைப் போட்டுக்கொண்டுதான் மகளோடு கிளம்பினேன்.

"இது எதுக்குப்பா?"

"வழியில உங்க ஆளுங்க யாராவது பார்த்தா? ஆபரேஷன் ஆனவன் கண்ணாடி இல்லாம திரிவானா?"

"இந்த மனுஷனோட ஒரு பொய்கூட நிம்மதியா சொல்ல முடியாது" என்றாள் என் மனைவி வாசலில் நின்றபடி.

ஆஸ்பத்திரியில் நாலாவது மாடி. மகளைக் காது பரிசோதனைக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் பத்துப் பேர். ஜீன்ஸ், டீ-ஷர்ட், ஆனால் எல்லார் பின்கழுத்திலும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய முடி. ஆறு பேரின் ஷூ முகம் தெரியும்படி பளபளத்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. பேருந்து நிலையத்தில்கூட அறிமுகமில்லாதவர்கள் இரண்டு வார்த்தை பேசுவார்கள். இங்கே எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அதனால் என் கண்ணாடி அங்கே உறுத்தவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என் பக்கம் குனிந்தார். "அங்கிள், ஒரு உபகாரம். கண்ணுல மருந்து விட்டிருக்கு, கிட்ட இருக்கறது எதுவும் தெரியல. இந்த டோக்கன்ல என்ன நம்பர்னு பார்த்துச் சொல்லுவீங்களா?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். "பயப்பட வேண்டாம் கேட்டோ" என்று போனில் சொன்ன குரல்.

டோக்கனை வாங்கினேன். கறுப்புக் கண்ணாடி வழியே பதினேழா பதினொன்றா என்று எனக்கே தெரியவில்லை. குரலை அடக்கிக்கொண்டு "பதினேழு" என்றேன். எழுந்து போய் மகளை அந்த அறைக்குள்ளேயே நிறுத்திவிடலாமா, பின்பக்கம் படி இருக்குமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் கதவு திறந்து அவள் வெளியே வந்துவிட்டாள்.

அவரைப் பார்த்தாள். அந்த நிமிஷம் அவள் பேசாமல் திரும்பி நடந்திருக்கலாம். மருந்து விட்ட கண், கறுப்புக் கண்ணாடி, அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவளுக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். செருப்புக் கால்கள் இரண்டும் சேர்ந்தன, முதுகு நிமிர்ந்தது.

"குட் மார்னிங், சார்!"

மைதானத்தில் சொல்கிற குரல் அது. கூடத்தில் ஏழு பேர் விருட்டென்று எழுந்து நின்றார்கள். என் பக்கத்து நாற்காலிக்காரர் எட்டாவது. எழுந்த பிறகுதான் ஏன் எழுந்தோம் என்று ஒவ்வொருவருக்கும் உறைத்தது.

டோக்கன் கொடுக்கும் பெண் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, கன்னடமும் தமிழுமாக உட்காரச் சொன்னாள். "யாக்கே எல்லாரும் எழுந்துட்டீங்க? கூத்கொள்ளி சார், கூத்கொள்ளி. நம்பர் கூப்பிட்டா மட்டும் வாங்க."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். மறுபடி சுவர்.

சி.ஓ. கண்ணாடியைக் கழற்றினார், வெளிச்சம் தாங்காமல் மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "அங்கிள்தானே? கண் எப்படி இருக்கு?"

"இருக்கு சார். அம்மாவோட முட்டி?"

"இருக்கு."

பரிசோதனைகள் முடிந்ததும் மூவரும் ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு கடையில் டீ குடித்தோம். அவர் மறைக்கவில்லை. இரண்டு வருஷம் முன்பு ஒருமுறை விண்ணப்பம் போட்டாராம், திரும்பி வந்துவிட்டதாம். வயது நாற்பத்துநாலு. நிறுவனத்தில் யார் முதலில் சேர்கிறார்களோ அவர்தான் மூத்தவர், அதனால் தாமதிக்கிற ஒவ்வொரு மாதமும் தன்னை இன்னும் சில பையன்களுக்குக் கீழே தள்ளுகிறது என்றார்.

"ஸ்குவாட்ரனுக்குக் கேப்டன் பத்துப் பேர் வேணும், அங்கிள். இருக்கறது எட்டு. அதுல நான் ஒண்ணு, உங்க பொண்ணு ஒண்ணு. ஒரே இடத்திலேந்து ரெண்டு பேப்பர் போனா ரெண்டும் திரும்பி வரும். ஒண்ணு போனா, ஒருவேளை."

"அப்ப நீங்க போடுங்க சார்" என்றாள் மகள்.

"நீ எதுக்கும்மா முந்திரிக்கொட்டை மாதிரி…" என்று நான் ஆரம்பித்தேன்.

"அப்பா, சும்மா இருங்க."

அவர் டீ கிளாஸை மேஜையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய கையெழுத்து இல்லாமல் என் மகளின் விண்ணப்பம் மேலே போகாது. அது மேலே போனால் அவருடையது போகாது. மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டால் கேட்பார் இல்லை. இதெல்லாம் அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "பார்க்கலாம்" என்றார். என் டீக்கும் சேர்த்து அவரே கொடுத்தார்.

இருவரும் பணிக்குத் திரும்பினார்கள். பிறகு ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. "அவரோட சேர்ந்து பறக்கிறியா?" என்று போனில் கேட்பேன். "நேத்துகூட. பக்கத்துப் பக்கத்து சீட்." "என்ன பேசினார்?" "செக்லிஸ்ட் படிச்சாருப்பா. நான் பதில் சொன்னேன்." அவ்வளவுதான். கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு பேர், இருவர் மடியிலும் ஒரே ஆசை, வாயில் செக்லிஸ்ட். அந்தக் காட்சியை நினைத்து நினைத்து எனக்கு ரத்த அழுத்த மாத்திரை அரையிலிருந்து ஒன்றானது.

ஆறாவது வாரம் அவள் கூப்பிட்டாள். "போட்டுட்டேன். சார் சிபாரிசு எழுதி அனுப்பிட்டார்."

"அவர் போடலையா?"

"'நீங்க எப்ப சார்'னு கேட்டேன். அம்மாவுக்கு முட்டி ஆறட்டும்னார்."

நான் அன்று கோயிலுக்குப் போய் அவர் பேருக்கும் ஓர் அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் தெரியவில்லை, சாமி பேருக்கே செய்துவிட்டேன்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆள் பற்றாக்குறை, தற்போது விடுவிக்க இயலாது. அவள் அதைப் போனில் ஏதோ அறிவிப்பை வாசிப்பது போல வாசித்தாள். விமான நிறுவனம் காத்திருக்கவில்லை. அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அவளுக்கும் கிடைக்கவில்லை, வழிவிட்ட அவருக்கும் கிடைக்கவில்லை. எண்ணிக்கை குறைந்தால் கதவைத் திறக்காதே என்று முப்பத்துநாலு வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். உள்ளே இருப்பவர்கள் பக்கம் நின்று ஒருநாளும் அதை யோசித்ததில்லை.

இதற்குள் என் இடது கண் நிஜமாகவே மங்கிவிட்டது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மகள் வர வேண்டும் என்றாள் என் மனைவி. அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடது கண் படையின் கணக்கில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆன கண். ஒரே கண்ணுக்கு இரண்டாம் முறை எப்படி விடுப்புக் கேட்பது?

மகளிடம் போனில் சொன்ன மறுநாள் சி.ஓ.வே கூப்பிட்டார்.

"அங்கிள், லீவு சாங்ஷன் ஆயாச்சு. வலது கண்ணுன்னு போட்டிருக்கு. யார் கேட்டாலும் வலதுன்னே சொல்லுங்க."

"ஆஸ்பத்திரி சீட்டுல இடதுன்னுதான சார் எழுதுவாங்க?"

"அந்தச் சீட்டப் பார்க்க வேண்டிய ஆள் நான்தான்."

"நாளைக்கு நிஜமாவே வலது கண்ணுக்கு வந்துட்டா?"

"அதுக்குள்ள ரெண்டு பேர்ல ஒருத்தர் வெளியில இருப்போம் அங்கிள்" என்றார்.

மகள் ஐந்து நாள் இருந்தாள். சொட்டு மருந்தை அவளே விட்டாள். மாப்பிள்ளையும் ஒயிட்ஃபீல்டிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். விண்ணப்பத்தை ஒரு வருஷம் கழித்து மறுபடி போடலாமாம். யார் போடுவது என்று அவளும் சி.ஓ.வும் இன்னும் பேசிக்கொள்ளவில்லையாம்.

வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது, ஆனால் அவசரமில்லை என்கிறார் டாக்டர். தினமும் காலையில் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு எதிர்வீட்டு மாடியைப் பார்க்கிறேன். மூன்று தண்ணீர்த் தொட்டிகள் உண்டு. இன்றைக்கு மூன்றும் தெரிந்தன. மூன்றாவது கொஞ்சம் கலங்கலாக.